வண்டி தட்டுகிறது

ஜூலை 18, வியாழன்

மெக்கானிக் தாவூது பாய் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என் கதையை இல்லை, வண்டியின் கதையை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். பிழை இருந்தால் பாய் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது என் வீட்டுக்காரர் வண்டியில் வைத்திருந்த டைரி. டயர் கடையில் சும்மா கொடுத்தது. ஜூன் 4 வரைக்கும் அவர் கிறுக்கியிருக்கிறார். அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். கோழி கிளறின கையெழுத்து. அதைப் படிக்க எனக்கு நேரமில்லை.

ஜூன் 6 அன்று அவர் போய்விட்டார். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை வாசலில் லோடுக்கு வரிசையில் ஒன்பதாவதாக நின்றிருக்கிறார். எட்டு வண்டியும் உள்ளே போன பிறகும் இவர் நகரவில்லை. பின்னால் நின்றவன் அரை மணி நேரம் ஹாரன் அடித்தானாம். எங்கள் ஆள் ஹாரனுக்கு எந்தக் காலத்தில் எழுந்தார்?

மாதையன்தான் வண்டியைச் சங்ககிரிக்கு ஓட்டி வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினான். இவரோடு பத்து வருஷம் மாற்று டிரைவராக ஓடியவன். இறங்கி வந்து என் எதிரில் நின்று முதலில் சொன்னது, "அக்கா, வண்டி தட்டுது" என்பதைத்தான். துக்கம் கேட்க வந்தவன்.

நேற்று பாய் வந்தார். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி. ஆறு சிலிண்டருக்கும் போகிற டீசல் பைப்பு நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். எந்தச் சிலிண்டரை அணைத்தாலும் டக் டக் டக் என்று சத்தம் மாறாமல் இருக்கிறது. ஒரு சிலிண்டரில் கோளாறு என்றால், அதை அணைத்ததும் சத்தம் குறைய வேண்டுமாம்.

"இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது தங்கச்சி. பிரிச்சு உள்ள ஒண்ணுமில்லைன்னா? காலையும் சாயங்காலமும் கால்மணி நேரம் ஓட விடுங்க. சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு எழுதி வைங்க. அதுவே சொல்லும்" என்றார்.

கொழுந்தனார் துரைசாமிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "கனெக்டிங் ராடு போச்சு அண்ணி, கேட்டாலே தெரியுது. ஆவணி ஒண்ணாந்தேதி பழைய லாரி உடைப்புக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார். ஆடியில் ஒன்றும் செய்யக்கூடாது என்பதால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. ஆடிக்கு இப்படியும் ஒரு உபயோகம்.

நான் சொல்லிவிட்டேன். இன்ஜின் போனது உறுதி என்றால் கையெழுத்துப் போடுகிறேன், வண்டியை வெட்டித் துண்டு போடட்டும். போகவில்லை என்றால் வண்டி ரோட்டுக்குப் போகும். அதற்கு மேல் பேச்சில்லை.

ஜூலை 19, வெள்ளி

காலை 7.00. சத்தம் வந்தது. 7.05க்கு நின்றது. பிறகு வரவில்லை.
சாயங்காலம் 6.05. சத்தம் வந்தது. 6.09க்கு நின்றது. 6.12க்கு மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

ஜூலை 20, சனி

காலை, சாயங்காலம் இரண்டும் நேற்றைப் போலவே.

கேபினைக் கூட்டினேன். அதற்குள் ஒரு குடித்தனம் நடத்தலாம், அத்தனை குப்பை. பீடிக்கட்டு மூன்று. என்னிடம் விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த பீடி. சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பெண்கள் போடுகிற செருப்பு, புதுசு, மெரூன் கலர், பூ வைத்தது. ஆறாம் நம்பர்.

என் கால் ஏழு.

(பாய், இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம். வண்டிக்குச் சம்பந்தமில்லை. மடித்து வைக்கிறேன்.)

ஜூலை 21, ஞாயிறு

ஆறாம் நம்பர் என்றால் கொஞ்சம் குள்ளமாக இருப்பாள்.

ஜூலை 23, செவ்வாய்

காலை 7.10. வந்தது, நின்றது.
சாயங்காலம் 6.00. வந்தது, நின்றது, வந்தது, நின்றது.

எதிர்வீட்டு ராசாமணி அக்கா வாசலில் நின்று குசுகுசுவென்று சொன்னாள்: "பாவாயி, சாயங்காலம் ஆறு மணிக்கு உனக்கு ஏதாச்சும் கேக்குதா? உன் வீட்டுக்காரரு தெருமுனைக்கு வந்ததும் மூணு தடவ பிரேக்க மிதிப்பாரே, புஸ்ஸு புஸ்ஸுன்னு. அதே சத்தம் கேக்குது. எனக்கு மயிர்க்கூச்செறியுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அவர் அப்படித்தான் வருவார். ஹாரன் அடித்தால் தெருக்காரர்கள் திட்டுவார்கள் என்று, தெருமுனையில் வண்டியை நிறுத்தி மூன்று முறை பிரேக்கை மிதித்து விடுவார். அந்தக் காற்றுச் சத்தம் கேட்டு நான் உலையை வைக்க வேண்டுமாம். மகாராஜா வருகிறார் பாருங்கள். தெருநாய் கருவாயன் மட்டும் எழுந்து ஓடும், அதற்கு வண்டியிலிருந்து பன் கிடைக்கும்.

இன்றைக்கும் கருவாயன் ஓடி வந்து கேபின் கதவுக்குக் கீழே நின்று வாலாட்டிவிட்டுப் போனது. ஒன்றரை மாதமாகிறது. முட்டாள் நாய்.

ஜூலை 26, வெள்ளி

பாய் வந்து எழுதியதைப் பார்த்தார். மடித்த பக்கத்தைத் தாண்டித்தான் போனார், நான் பக்கத்திலேயே நின்றேன்.

"காலைல வர்றது சரி. இன்ஜின் குளிர்ந்திருக்கறப்ப தட்டும், சூடானா நிக்கும். பிஸ்டன் தேஞ்சிருந்தா அப்படித்தான். ஆனா சாயங்காலம் சூடான பிறகு மறுபடி ஏன் தட்டுது? பிஸ்டனும் இல்ல, ராடும் இல்ல. ராடு போயிருந்தா நிக்கவே நிக்காது" என்று தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாயங்காலம் மட்டும் ஏதாச்சும் வேற மாதிரி பண்றீங்களா?" என்றார்.

"என்ன பண்றேன்? சாவி போட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

மாதையன் வண்டியை எடுத்து ஒரு சுற்றுக் காட்டினான். துரைசாமி நடுவில், நான் ஜன்னலோரம். "மூணு மாசம்கூட ஆகல, வண்டில ஏறலாமா அண்ணி" என்றார். "அப்ப நீங்க எழுதுங்க டைரிய" என்றேன். நகர்ந்து இடம் விட்டார்.

சந்தைப்பேட்டை நெரிசலில் டக் டக் டக். ஆட்டோக்காரன் ஒருவன் குறுக்கே வந்தான், டக் டக். பஸ் ஸ்டாண்டு திருப்பம், டக் டக். துரைசாமிக்கு ஒவ்வொரு தட்டலுக்கும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பைபாசில் ஏறினோம். பவானி ரோட்டில் அறுபதில் போனது வண்டி. ஒரு சத்தம் இல்லை. தூங்குகிற பிள்ளை மாதிரி ஓடியது. திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் மறுபடி டக் டக்.

"ஊருக்குள்ள மட்டும் தட்டுது, ரோட்டுல தட்டலீங்க. இவளுக்கு ஊர் பிடிக்கல போலிருக்கு" என்றான் மாதையன்.

எழுதிக்கொண்டேன். ஊருக்குள் உண்டு. ரோட்டில் இல்லை.

அவனிடம் போகிற போக்கில் கேட்டேன், அண்ணன் போகிற ஊர்களில் குள்ளமாக யாராவது உண்டா என்று. "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்ல, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் மழை. வண்டிக்குப் போகவில்லை. ராசாமணி அக்கா இன்று சத்தமே கேட்கவில்லை என்றாள். மழைக்குப் பேயும் வெளியே வராது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் காவிரிக்குப் போயிருக்கிறது. எங்கள் காலி மனைக்கு ஒரு கோடாங்கி வந்தார். துரைசாமி கூட்டி வந்தது. தெருவே பேசுகிறதாம், அண்ணன் ஆறு மணிக்கு வந்து போகிறார் என்று.

கோடாங்கி பம்பருக்கு எதிரில் உட்கார்ந்து உடுக்கை அடித்தார். அடித்துக்கொண்டே கண்ணைச் செருகிக்கொண்டு, "இருக்கான். இன்ஜினுக்குள்ள இருக்கான். வெளிய வர வழி கேட்டுத் தட்டுறான்" என்றார். ராசாமணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம் ஒரு நாளும் கதவத் தட்டிட்டு வந்தவரில்லீங்க. குளிக்கிற இடமா இருந்தாலும் நேரா உள்ள வருவாரு. இப்ப மட்டும் தட்டுவாரா?" என்றேன்.

கோடாங்கி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "இந்த அம்மாதான் பிடிச்சு வச்சிருக்கு. வண்டி கைமாறுனாத்தான் அவன் போவான்."

அவர் சொன்னதில் முதல் பாதிக்கு நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பாதி துரைசாமி சொல்லிக்கொடுத்தது, அது எனக்குத் தெரியும்.

நாலு சக்கரத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். "பத்துச் சக்கரம் இருக்குதுங்களே, மீதி ஆறுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டதற்கு, துரைசாமி என்னை உள்ளே போகச் சொன்னார். அவர்கள் போன பிறகு பழங்களை எடுத்து ஊறுகாய் போட்டேன். நல்ல சாறு.

சாயங்காலம் 6.10. வந்தது, நின்றது. வந்தது, நின்றது. கோடாங்கிக்குத் தட்சிணை வீண்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை மட்டும். சாயங்காலம் போனேன், எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். தூங்குகிறாயா, தூங்குகிறேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அந்த லாரிய ஏம்மா கட்டிட்டு அழற, சித்தப்பா சொல்றதக் கேளேன்" என்றாள். நான் அழவில்லை, சத்தம் குறிக்கிறேன் என்றேன்.

ரப்பர் பேண்டு போட்ட பக்கங்களைக் கையில் எடுத்தேன். அந்த ஆறாம் நம்பர்க்காரியின் பெயர் அதில் இருக்கும். ஊர் இருக்கும். போன் நம்பர்கூட இருக்கும். ரப்பர் பேண்டு நல்ல இறுக்கமாக இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டேன்.

(இதையும் மடிக்கிறேன் பாய்.)

ஆகஸ்ட் 14, புதன்

பாய் டைரியைக் கேட்டார். ஒரு மாதத்தையும் உட்கார்ந்து மொத்தமாகப் படிக்க வேண்டுமாம். மடித்ததைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இனி இரண்டு நாளைக்கு எழுத இடமில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உடைப்புக் கடைக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, கறிக்கடைக்காரன் ஆட்டைத் தடவுவது போல இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். துரைசாமி கையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர். பேனாவும் அவரே கொண்டு வந்திருந்தார். ராசாமணி அக்காவும் வந்து வேலியோரம் நின்றாள், விடுவாளா?

பாய் டைரியோடு வந்தார். நான் மடித்திருந்த இரண்டு பக்கங்களும் நிமிர்ந்திருந்தன. நான் முறைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க தங்கச்சி."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டக் டக் டக். துரைசாமி உடைப்புக் கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். பாய் படியில் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற காற்று முள்ளைக் காட்டினார். பிரேக்குக்குப் போகிற காற்று டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள். அது மெதுவாக ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டைத் தொட்டதும் அடியில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. தட்டல் நின்றது.

"சூடாச்சு, நின்னுது. தெனமும் இதே கதைதான்" என்றார் துரைசாமி.

பாய் அவரைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "இப்ப, சாயங்காலம் செய்யறதச் செய்யுங்க."

"எத?"

"இருபத்து மூணாந்தேதி கருவாயன் ஓடியாந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கேபினுக்குக் கீழ வந்து நின்னுச்சுன்னு. நாய்க்குக் கோடாங்கி பேச்செல்லாம் தெரியாது தங்கச்சி. ஏதோ கேட்டுத்தான் ஓடியாந்திருக்குது. அது ஓடியாற மாதிரி என்ன செய்வீங்களோ, அதச் செய்யுங்க."

கீழே நாலு பேர் நிற்கிறார்கள். செய்தால் தெருவே சிரிக்கும். இரண்டு வருஷத்துக்குச் சிரிக்கும். செய்யாவிட்டால் துரைசாமி கையில் பேனா இருக்கிறது.

அந்தப் பிரேக் பெடலில் ரப்பர் நடுவில் தேய்ந்து பள்ளமாக இருக்கும். அவர் கால் தேய்த்தது. என் கால் அதில் சரியாக உட்காரும்.

மூன்று முறை மிதித்தேன். புஸ். புஸ். புஸ்.

கருவாயன் எங்கிருந்தோ பாய்ந்து, உடைப்புக் கடைக்காரரின் வேட்டிக்கு நடுவில் புகுந்து, கேபினுக்குக் கீழே வந்து நின்று வாலாட்டியது. காற்று முள் கீழே இறங்கியது. தட்டல் வந்தது. டக் டக் டக். எட்டைத் தொட்டது முள். நின்றது.

"இன்னொரு தடவ" என்றார் பாய். மிதித்தேன். வந்தது. ஏறியது. நின்றது.

ராசாமணி அக்கா வாயில் கையை வைத்தாள். துரைசாமிதான் முதலில் பேசினார். "அப்ப, இத்தன நாளா ஆறு மணிக்கு..."

"நாந்தான்."

"ஏன் அண்ணி?"

"பிரேக் பிடிக்குதான்னு பாத்தேன்."

துரைசாமி சக்கரத்தின் பக்கம் திரும்பி நின்று நட்டுகளை எண்ணுகிறவர் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அண்ணன்தானே.

பாய் வண்டிக்கு அடியில் புகுந்து காற்று டேங்கின் வால்வைத் திறந்து விட்டார். காற்று போய்க்கொண்டே இருந்தது, தட்டலும் நிற்கவே இல்லை. வால்வை மூடினார், முள் ஏறியது, நின்றது. எழுந்து வந்து கையைத் துடைத்தார்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது. தட்டறது இன்ஜினோட ஒட்டிட்டு ஓடற ஏர் கம்ப்ரசர். காத்தடிக்கிற மிஷினு. அதுக்குள்ளயும் சின்னதா ஒரு ராடும் பேரிங்கும் இருக்குது, தேஞ்சு போச்சு. காத்தடிக்கிறப்பத் தட்டும், டேங்க் நெறஞ்சா சும்மா சுத்தும். பைபாசுல பிரேக்குக்கு வேல இல்ல, தட்டல. சந்தைக்குள்ள அடிக்கொருதரம் பிரேக்கு, தட்டுச்சு. நானும் ஸ்க்ரூ டிரைவர இன்ஜின்லயே வச்சுக் கேட்டுட்டிருந்தேன், பக்கத்துல தொங்கறத விட்டுட்டு."

உடைப்புக் கடைக்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். துரைசாமி பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவை என்னிடமே விட்டுவிட்டார். அதில்தான் எழுதுகிறேன்.

போகும்போது பாய் சொன்னார். "இது ஒரு நாள்ல தேஞ்சதில்ல. தெனமும் வண்டி ஓட்டுன நாச்சிமுத்தண்ணனுக்குத் தெரியாம இருந்திருக்காது. காத்து ஏற லேட்டாகுதுன்னு எங்கயாச்சும் எழுதியிருப்பாரு. அந்த ரப்பர் பேண்ட அவுத்துப் பாருங்க. அத மட்டும் நான் தொடல."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவிழ்த்தேன்.

ஜூன் 4. அவர் கையெழுத்து. "டீசல் போட்டது. காத்து லேட்டா ஏறுது, பாய்கிட்ட காட்டணும். பாவாயி செருப்பு வாங்கியாச்சு. 6."

அவ்வளவுதான். முன்னால் ஜனவரி வரைக்கும் புரட்டிவிட்டேன். டயர், டீசல், லோடு, சுங்கச்சாவடி. ஒருத்தி பெயரும் இல்லை.

இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவருக்கு என் கால் எத்தனை நம்பர் என்று தெரியவில்லை. வண்டிக்குப் பத்து டயரும் எந்தச் சைஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு மாதமாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய ஆறாம் நம்பர்க்காரி நான்தான்.

போட்டுப் பார்த்தேன். குதிகால் வெளியே நிற்கிறது. கடையில் கொடுத்து மாற்றி வரட்டுமா என்று மாதையன் கேட்டான். எதற்கு?

ஆகஸ்ட் 24, சனி

கம்ப்ரசரை இறக்கிப் பேரிங் மாற்றி ஏற்றியாயிற்று. காலை 7.00, சத்தம் இல்லை. பெடலை மிதித்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. பத்து முறை மிதித்தேன். இல்லை.

கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாதையன் திங்கட்கிழமை முதல் லோடு ஏற்றிப் போனான். துரைசாமி வந்து தேங்காய் சுற்றி உடைத்தார். எலுமிச்சம்பழமும் வைத்தார், இந்தத் தடவை எல்லாச் சக்கரத்துக்கும்.

இன்று சாயங்காலம் திரும்பினான். தெருமுனையில் நிற்காமல் நேராக வந்து காலி மனைக்குள் நுழைந்துவிட்டான். நான் வாசலுக்குப் போனேன்.

"ரிவர்ஸ் எடு" என்றேன்.

"என்னக்கா, சரியாத்தானே நிறுத்தியிருக்கேன்?"

"தெருமுனைக்குப் போ. மூணு தடவ மிதிச்சுட்டு வா."

பத்துச் சக்கர வண்டியை அந்தச் சந்தில் பின்னால் எடுப்பது சாதாரணமில்லை. ராசாமணி அக்கா வீட்டுச் செம்பருத்தியில் பாதி போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் உள்ளே வந்து உலையை வைத்தேன்.

சாயங்காலம் 6.20. தட்டல்: இல்லை.
பிரேக்: மூன்று முறை.
மிதித்தது: மாதையன்.
ஓடியது: கருவாயன். அதற்குப் பின்னால் இன்னும் ஒருத்தி, ஆறாம் நம்பர் செருப்பில், குதிகால் தரையில் பட.